செக்கர் வீட்டுப் புகை

அந்த வட்டாரத்தில் அவளை ஊதுகுழலக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கதவைச் சாத்திவிடுவார்கள். விறகடுப்பில் சமைக்கிற வீடுகளுக்குப் போய், பேசிப் பேசி மனசைக் கரைத்து, மகளிர் சங்கம் கொடுக்கிற கரண்ட் அடுப்பைப் பொருத்திவிட்டு வருவது அவள் வேலை. பொருத்தி முடித்ததும் வாசலில் நின்று கையை நீட்டுவாள். வீட்டுக்காரர்கள் ஏதோ கைச்செலவுக்குக் கேட்கிறாள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அவள் கேட்பது அந்த வீட்டு ஊதுகுழலை.

ஆரம்பத்தில் இந்தப் பழக்கம் கிடையாது. அடுப்பைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று சங்கத்தில் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். கொஞ்ச நாள் கழித்து எட்டிப் பார்த்தால், ஒரு வீட்டில் அடுப்புக்குப் பூப்போட்ட துணி போர்த்தி அதன்மேல் கல்யாணப் படத்தை நிறுத்தியிருந்தார்கள். முடிதிருத்துகிறவர் வீட்டில் அது வழவழவென்று குளுகுளுவென்று இருக்கிறதாம், பூனை அதன்மேல் சுருண்டு தூங்கியது. தையல்காரர் மனைவி மட்டும் பொய் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் எடுப்போம் என்றாள். விருந்தாளி வந்தபோது எடுக்கவும் எடுத்தாள். அவர்களிடம் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். எல்லா வீட்டிலும் பின்பக்கம் பார்த்தால் பழையபடி புகை போய்க்கொண்டிருந்தது.

யோசித்தாள். மண்ணடுப்பை உடைத்தால் மறுநாள் காலையில் இன்னொன்று முளைத்துவிடும். விறகு எங்கே போனாலும் கிடைக்கும். ஆனால் ஊதுகுழல் அப்படியில்லை. வருஷக்கணக்காக ஒரே கை பிடித்து, ஒரே வாய் ஊதி, வழிக்கு வந்த சாமான் அது. அதைப் பறிகொடுத்தவள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து ஊதிப் பார்ப்பாள். முடி கருகும், கண் சிவக்கும், முதுகு பிடித்துக்கொள்ளும். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கரண்ட் அடுப்பின் பித்தானை அழுத்திவிடுவாள். அதற்கப்புறம் கவலையில்லை.

இப்படிச் சேர்ந்த ஊதுகுழல்கள் அவள் வீட்டு மூலையில் மலையாகக் குவிந்தன. கொத்தனார் வேலை பார்க்கும் அவள் கணவர் அவரைக்கொடி படரக் கொஞ்சம் நட்டுவைத்தார், ஜன்னலுக்குத் திரை மாட்டக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அப்படியும் தீரவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பேண்டு செட் ஆரம்பித்துவிடலாம், உனக்குச் சங்கத்துச் சம்பளத்தைவிட அதில் நல்ல வரும்படி இருக்கும் என்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இந்த வேலைக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவள். புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அத்துப்படி. சிகரெட்டைக் கையால்கூடத் தொடாத பெண்கள் ஆயுசு முழுக்கச் சுருட்டு பிடித்தவரின் நெஞ்சோடு வந்து படுப்பதை அங்கேதான் பார்த்தாள். கேட்டால், அடுப்படியில் இருந்ததைத் தவிர ஒரு தப்பும் பண்ணவில்லை என்பார்கள். இடுப்பு ஒத்துழைக்காமல் போனபோது வார்டு வேலையை விட்டாள். இவர்களை இங்கே வந்தபிறகு பார்த்து என்ன பிரயோஜனம், அடுப்படியிலேயே போய்ப் பிடிக்கலாம் என்று இந்த வேலைக்கு வந்தாள்.

பிடி கொடுக்காமல் நழுவிய ஒரே ஆள் செக்கர் வீட்டம்மா.

செக்கர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். எந்த நிறுத்தத்தில் ஏறுவார், எப்போது ஏறுவார் என்று யாருக்கும் தெரியாமல் திடுமென்று வந்து நிற்பதுதான் அவர் தொழில் வாழ்க்கை முழுவதும் செய்தது. இப்போது ஏறுவதற்கு வீட்டைத் தவிர வேறு வண்டி இல்லை. குளியலறைக் குழாயை யார் சரியாக மூடவில்லை, கொடியில் சட்டையை ஏன் தலைகீழாகப் போட்டிருக்கிறது, சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று நாள் முழுக்கக் கேள்வி. பதில் சொன்னால் அதிலிருந்து அடுத்த கேள்வி கிளம்பும்.

அவர் மனைவிக்கு மூச்சு சரியில்லை. ஊதுகுழலக்கா முதல் தடவை போனபோதே அதைக் கண்டுகொண்டாள். அந்தம்மா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, நடுவில் நின்று, மூச்சை எடுத்து, மிச்சத்தைச் சொன்னார். உட்காரும்போது முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்தார். கட்டிலில் தலையணைகளை அடுக்கிவைத்திருந்தது. மேட்டுத் தெருவில் இருக்கும் கடைக்கு நடந்துபோய் எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டதற்கு, அங்கே எதற்குப் போகணும் என்று பேச்சை மாற்றினார். டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருந்தார். புகையை விடாவிட்டால் அடுத்தது மூக்கில் குழாயும் பக்கத்தில் சிலிண்டரும்தான் என்றும் சொல்லியிருந்தார். அந்த அடுத்தது எப்படி இருக்கும் என்று ஊதுகுழலக்காவுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு மழைக்காலம் இந்த அடுப்படியில் போனால் அந்தம்மாவை வார்டில்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்று பட்டது.

ஆனால் ஒவ்வொரு தடவை போனபோதும் ஒரு புதுச் சாக்கு காத்திருந்தது. கரண்ட் அடித்துவிடும் என்றார். ஊதுகுழலக்கா அடுப்பின்மேல் கையை வைத்துக் காட்டினாள். பாத்திரமெல்லாம் அடி குழிந்தது என்றார். தட்டையான பாத்திரம் கொண்டுவந்தாள். மின்சாரம் போய்விட்டால் என்றார். கரண்ட் ஆபீஸில் போகிற நேரத்தை ஒளித்துவைப்பதில்லை, அதற்கு முன்னால் சமைத்துவிடலாம் என்றாள். பருப்பில் புகை வாசம் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது என்றார் கடைசியாக. அவர் என்றது செக்கரை. அந்தச் செக்கரோ கூடத்தில் உட்கார்ந்து, வாசமாவது மண்ணாவது, புது அடுப்பை முதலில் கொண்டுவந்து வையுங்கள், நான் எப்போதோ சொன்னேன் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எந்த வீட்டிலும் ஆண்பிள்ளை இவ்வளவு ஆசையாக அடுப்பு கேட்டு அவள் பார்த்ததில்லை. அதை அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

கடைசியில் ஒருநாள் அந்தம்மா திடீரென்று சரி என்றுவிட்டார். ஊதுகுழலக்காவின் கொழுந்தன் வந்து பிளக் பாயிண்ட் போட்டுக்கொடுத்தான். அடுப்பு பொருத்தியாயிற்று. கையை நீட்டியதும் ஊதுகுழலைத் துடைத்துச் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தார். வழக்கமாக அதைக் கொடுக்கும்போது பெண்கள் பிள்ளையைப் படிக்க வெளியூர் அனுப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இவர் சிரித்தார். ஊதுகுழலக்காவுக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபிறகும் நெருடியது.

நெருடியது சரிதான். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் செக்கர் வீட்டுக் கூரையில் முன்னைவிடக் கெட்டியாகப் புகை. வாசலில் செக்கர் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். காற்றடிக்கிற பம்பைக் காணோமாம். கட்டிலடி, பரண், மாடிப்படிக்குக் கீழே எல்லாம் பரிசோதித்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகமாக இருக்கிறதாம், அவன் சைக்கிள் இரண்டு நாளாக மிதப்பாகப் போகிறதாம்.

அவள் பின்பக்கமாகச் சுற்றிப்போய் அடுப்படிக் கதவைத் தள்ளினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது, அந்தம்மா முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் பம்பைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ரப்பர்க் குழாயின் முனை விறகுக்கு நடுவில் இருந்தது. ஒரு அடி, ஒரு மூச்சு. ஒரு அடி, ஒரு மூச்சு. ஊதுகுழலைவிட இது எவ்வளவோ தேவலை என்பது மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

ஊதுகுழலக்கா திட்டவில்லை. வார்டில் ஒளித்து மிட்டாய் தின்கிற சர்க்கரை நோயாளிகளைத் திட்டித் திட்டி அலுத்தவள். எதையாவது கவிழ்த்துப் போட்டு உட்கார இடம் தேடினாள். தேடும்போதுதான் அந்த அடுப்படியை முழுசாகப் பார்த்தாள். ஆணியில் சின்ன ரேடியோ தொங்கியது. முக்காலிக்கு மெத்தை தைத்துப் போட்டிருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் வாரப் பத்திரிகைகள், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் பிஸ்கட், சுவரில் கடல் படம் போட்ட காலண்டர். அடுப்பில் ஒன்றும் வேகவில்லை. வெறும் தண்ணீர்தான். வாசலை ஒட்டி விறகை வாளித் தண்ணீரில் நனைத்து அடுக்கியிருந்தது.

"விறகை எதுக்கும்மா நனைச்சு வச்சிருக்கீங்க?"

"காஞ்ச விறகுல... புகை வராதே."

பிறகு துண்டு துண்டாக விஷயம் வெளியே வந்தது. செக்கருக்குப் புகை ஆகாது. கண்ணில் பட்டால் தாரை தாரையாகக் கொட்டும், தும்மல் தொடங்கினால் நிற்காது. அவர் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து வீட்டில் அவர் பரிசோதிக்காத ஒரே இடம் இதுதான். அவர் கூடத்துக்கு வந்தால் இந்தம்மா இங்கே வந்து இரண்டு ஈரக்கட்டையை வைத்துவிடுவார். ரேடியோவில் நாடகம் கேட்கும் நேரமானால் மூன்று கட்டை.

"மூச்சு போனாலும் பரவால்லக்கா," என்றார். "புகை போச்சுன்னா... அவர் உள்ள வந்துடுவார். வெங்காயத்தை ஏன் இப்படி நறுக்கறேன்னு கேப்பார். நான் என்ன பதில் சொல்றது, சொல்லுங்க."

ஊதுகுழலக்கா தன் கணவரை நினைத்துக்கொண்டாள். அவர் கொத்துவேலையை விட்டு வீட்டோடு உட்காரவும் அதிக காலம் இல்லை.

அவளுக்கு முதலில் தோன்றியது நேர்வழி. கூடத்துக்குப் போய்ச் செக்கரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அம்மாவுக்குப் புகையை நிறுத்தவேண்டும், நீங்கள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஊரில் வேறு யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் பலித்திருக்கும். வாழ்நாள் முழுக்கப் பரிசோதகராக இருந்தவரிடம் ஒரு இடத்தை மட்டும் பார்க்காதே என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தலையை ஆட்டினார். சரிம்மா, சரிம்மா என்றார். ஆனால் அவர் கண் கடைசிச் சீட்டில் தூங்குவதுபோலப் பாசாங்கு பண்ணும் பயணியைக் கண்டுவிட்ட கண்ணாக இருந்தது.

மறுநாள் ஊதுகுழலக்கா தட்டைப் பாத்திரத்துக்கு மூடி கொண்டுவந்த நேரத்தில் அது நடந்தது. செக்கர் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டி, கையில் டார்ச்சோடு அடுப்படிக்குள் ஏறிவிட்டார். உள்ளே இருந்த அந்தம்மா ஈரவிறகை மொத்தமாக அள்ளி அடுப்பில் போட்டார். வீட்டுக்குள் அமாவாசை வந்தது. கூடத்தில் நின்ற ஊதுகுழலக்காவுக்குப் புகையும் இருமலும்தான் தெரிந்தன. ரேடியோவா, யார் வாங்கிக் கொடுத்தது என்ற குரல் கேட்டது. என் பம்ப், என் பம்ப் என்று கேட்டது. அப்புறம் இருமல் நின்றுவிட்டது.

இருமல் கேட்கிறவரை பயமில்லை, நின்றால்தான் பயம் என்பது அவளுக்குத் தெரியும். மூடியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அந்தம்மாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, பின்வாசலுக்கு இழுத்து, படியில் உட்காரவைத்தாள். இடுப்பு சத்தமாகவே முறையிட்டது, கவனிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. முழங்கையை முழங்காலில் ஊன்றவைத்து முன்னால் சாய்த்தாள். கழுத்துப் பக்கத்துத் துணியைத் தளர்த்தினாள். உறிஞ்சுகிற மருந்து எங்கே என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் செக்கர் கொண்டுவந்து நீட்டினார். அலமாரியில் இரண்டாவது தட்டு, இடது மூலை, காலாவதித் தேதி இன்னும் ஆகவில்லை என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். அந்த வீட்டில் ஒரு பரிசோதகர் இருந்தது அன்றைக்கு உதவியது.

"மூக்கால இழுங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. அவசரமில்ல, இங்க பஸ் எதுவும் கிளம்பல," என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தடவினாள்.

மருந்து இறங்கி, நீலம் வெளுத்து, மூச்சு ஓரளவு வழிக்கு வந்தது. செக்கர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்து நின்றுகொண்டிருந்தார். அதற்குக் கீழே கண்ணீர் வழிந்தது. புகையா வேறெதுவுமா என்று பார்க்க ஊதுகுழலக்காவுக்கு நேரமில்லை.

"நான் உள்ள வரக்கூடாதுன்னுதானா இவ்வளவும்?" என்று கேட்டார்.

அந்தம்மாவால் பேச முடியவில்லை. ஆமாம் என்று நன்றாக, அழுத்தமாகத் தலையை ஆட்டினார்.

அடுப்பில் ஈரவிறகு இன்னும் உஸ்ஸென்றது. ஊதுகுழலக்கா எழுந்துபோய் அதில் வாளித் தண்ணீரை ஊற்றினாள். திரும்பி வந்தபோது முடிவு செய்துவிட்டிருந்தாள். நோயாளியின் கையில் இருப்பதைப் பிடுங்கினால் இன்னொன்றை எடுக்கும், காலியாக இருக்கிற கையில்தான் எதையாவது கொடுக்கவேண்டும் என்பது வார்டில் கற்ற பாடம். அந்த வீட்டில் காலியாக இருந்த கை செக்கருடையது.

"சார், இத்தனை வருஷம் மத்தவங்க ஓட்டற வண்டியில ஏறி நொட்டை சொல்லியாச்சு. நாளையிலேருந்து இந்த அடுப்பு உங்க வண்டி. நீங்கதான் ஓட்டணும்."

செக்கர் திடுக்கிட்டார். தனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்றார். ஓட்டத் தெரியாதவர்தானே செக்கர் ஆகிறார் என்று அவள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பித்தானில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும் என்றாள். அந்தம்மா படியில் உட்கார்ந்தபடியே வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசினார். ஊதுகுழலக்கா அவருக்கும் சட்டம் போட்டாள். ரேடியோ, மெத்தை, பத்திரிகை, பிஸ்கட் எல்லாம் கூடத்துக்கு வரும். செக்கர் அடுப்படியில் இருக்கும் நேரம் கூடம் அந்தம்மாவுக்கு. அந்தம்மா அங்கே என்ன செய்தாலும் செக்கர் எட்டிப் பார்க்கக்கூடாது. மண்ணடுப்பை அன்றைக்கே ஊதுகுழலக்காவின் கொத்தனார் கணவர் வந்து இடித்து, அந்த இடத்தில் மேடை கட்டினார். பம்பைச் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டு போட்டார்கள்.

முதல் நாட்களைப் பற்றித் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். செக்கர் வைத்த பருப்பை உளியால் பெயர்த்தார்கள் என்பது மிகை. கத்தி போதுமானதாக இருந்தது. கரண்ட் அடுப்பில் பாத்திரத்தைத் தூக்கினால் அது பீப் பீப் என்று கத்தும். யாரோ தன்னைப் பரிசோதிப்பதாகச் செக்கருக்கு ரோஷம். நான்தான் எடுத்தேன், என்ன இப்போ என்று அதனோடு சண்டைக்குப் போவது அடுத்த வீடுவரை கேட்டது. கிழங்கு ஒரு நாள் கல், ஒரு நாள் கூழ். ஆனால் மனுஷர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். எத்தனை சூட்டில் எவ்வளவு நேரம் என்று பிடிபட்டதும், அவர் வைக்கும் சோறு ஒவ்வொரு பருக்கையும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது மாதிரி தனித்தனியாக வந்தது. கூடவே அடுப்படிக் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் போட்டார். சமைக்கும்போது யாரும் வந்து கேள்வி கேட்டால் கவனம் சிதறுகிறதாம்.

மழைக்காலம் பாதி கடந்தபோது, ஒருநாள் சாயங்காலம் மேட்டுத் தெருவில் இருக்கும் ஊதுகுழலக்கா வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் செக்கர் வீட்டம்மா. குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். நீங்கள் செய்துவைத்த காரியத்தைப் பாருங்கள், என் அடுப்படிக்குள் என்னையே விடமாட்டேன் என்கிறார், உப்பு எங்கே என்று கேட்டால் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காத்திருக்கச் சொல்கிறார், நான் நறுக்கிக் கொடுக்கும் வெங்காயத்தை வாங்கிப் பார்த்து இது அளவு சரியில்லை என்று திரும்பக் கொடுக்கிறார் என்று வாசலில் ஆரம்பித்ததை நாற்காலியில் உட்கார்ந்துதான் முடித்தார்.

ஊதுகுழலக்கா அவர் சொன்னதைக் கேட்கவேயில்லை. அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். தோள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள்.

"எதுல வந்தீங்க?"

"எதுல வரது, நடந்துதான்."

"மேட்டுல எங்க நின்னு மூச்சு வாங்கினீங்க?"

"நிக்கறதுக்கு எங்கம்மா நேரம், எனக்கு வந்த கோவத்துல," என்றார் அந்தம்மா. சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாசல் பக்கம் திரும்பி, வந்த மேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஊதுகுழலக்கா டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"தண்ணி அதிகமாயிடுச்சு. அவர் போட்டா இப்படி இருக்காது," என்றார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, இதைப் போய் அவரிடம் சொல்லிவைக்காதீர்கள் என்று கெஞ்சினார்.